தெர்னா வரைக்கும்

பழமலைநாதனை வேப்பூரிலிருந்து திரும்ப அழைத்து வருவது என்று முடிவு செய்தவன் மாணிக்கவேல். போய்ப் பேச வேண்டியவன் இஜாஸ் என்று முடிவு செய்தவனும் அவனே. வேறு யார் போனாலும் அந்த மனிதர் எழுந்து உள்ளே போய்விடுவார், அப்துல் மாலிக்கின் மகன் போனால் உட்காரச் சொல்லி டீயாவது வாங்கித் தருவார் என்றான். மாணிக்கவேலுக்கு மனிதர்களைக் கணிக்கத் தெரியும்.

இஜாஸ் விருத்தாசலத்தில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். மூன்றாம் ஆண்டுக்கு அமெரிக்க வரலாறு அவன் பாடம். பிரிட்டனிடமிருந்து விடுபட்ட அந்தக் குடியரசு தன் முதல் முப்பது வருடங்களில் யார் யாரோடு எப்படி உடன்படிக்கை செய்துகொண்டது, எதைக் கொடுத்து எதை வாங்கியது என்பதில்தான் அவன் ஆய்வும் செய்திருந்தான். மங்கலம்பேட்டையில் பிறந்தவனுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று கேட்கிறவர்களிடம், அத்தா தெர்னாவில் வேலை பார்த்தார் என்பான். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியாது.

தெர்னா லிபியாவில் ஒரு கடற்கரை ஊர். எண்பதுகளில் அவன் அத்தா அப்துல் மாலிக் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் எலக்ட்ரீசியன். அதே கேம்பில், பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் விருத்தாசலத்துப் பழமலைநாதன். இருவரும் ஊர் திரும்பிய பிறகு அப்துல் மாலிக் கடை வைத்தார். பழமலைநாதன் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட் போட்டார். சின்னச் சின்ன யூனிட்காரர்களை ஒன்று சேர்த்து சங்கம் கட்டியதும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய சூளையைக் கொண்டு வந்ததும் அவர்தான். பெருநாளுக்குப் பெருநாள் மங்கலம்பேட்டைக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுப் போவார். இஜாஸ் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

அவருடைய தம்பி தங்கதுரை. அண்ணன் கூடவே இருந்து தொழில் பழகியவன். பேங்க் கடனுக்காக யூனிட்டும் வீடும் தம்பி பேரில் எழுதப்பட்டன. அதன் பிறகு ஒரு சங்கத் தேர்தலில், அண்ணன் தன் சரக்கையே முதலில் சூளையில் ஏற்றிக்கொள்கிறார் என்று தம்பியே மேடையில் சொன்னான். பழமலைநாதன் தோற்றார். தங்கதுரை தலைவரானான். வீட்டில் வார்த்தை முற்றி, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர், வேப்பூரில் ஹைவே ஓரம் ஒரு ஓட்டலில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மனைவி கனகாவும் மகள் தென்றலும் அதே வீட்டில் தங்கினார்கள். தென்றல் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிக்க வைத்தவன் தங்கதுரை.

மாணிக்கவேலின் கதை வேறு. அவன் மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்கிற யூனிட் வைத்திருந்தான். பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடித்துச் சரக்கு முழுவதையும் அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்துவிட்டான். ஆனால் சூளையில் ஏற்ற முறை கிடைக்கவில்லை. இவன் வளர்ந்தால் நாளைக்குத் தன் நாற்காலிக்கு வந்து நிற்பான் என்று தங்கதுரைக்குப் பயம். இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனான். சுடாத சரக்கு ஷெட்டு நிறையச் சிறைப்பட்டுக் கிடந்தது. அப்போதுதான் மாணிக்கவேலுக்குப் பழமலைநாதனின் நினைவு வந்தது. சங்கத் தேர்தல் நெருங்கியிருந்தது. அண்ணனைக் கொண்டுவந்து தம்பிக்கு எதிரே நிறுத்தினால் பழைய ஆட்கள் அவர் பக்கம் வந்துவிடுவார்கள் என்றான்.

இஜாஸ் அதை நம்பினான். மாணிக்கவேலும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அத்தா கடைசியாகப் படுத்தபோது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் தூக்கிக்கொண்டு ஓடியவன், கபர்ஸ்தானில் மண் போட வரிசையில் நின்றவன் மாணிக்கவேல். மாமாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று அவன் சொன்னபோது இஜாஸ் அதைச் சந்தேகிக்கவில்லை. சூளையும் ஒரு காரணம் என்பது தெரியும். அது மட்டுமே காரணம் என்பது தெரியவில்லை.

வேப்பூரில் மாமா டீ வாங்கித் தந்தார். லாரிகள் வந்து நிற்பதும் கிளம்புவதுமாக இருந்த இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். வயது கூடியிருந்தது, ஆனால் குரல் அப்படியே இருந்தது. சங்கம், தலைமை, யூனிட் எதிலும் தனக்கு ஆசை இல்லை என்றார். வீட்டுக்குப் போக முடிந்தால் போதும், மகளின் கல்யாணத்தைத் தன் வீட்டு வாசலில் நின்று நடத்த முடிந்தால் போதும் என்றார். தலைவரானால் தங்கதுரை பேச்சுக்கு இறங்கி வந்துதானே ஆக வேண்டும் என்று இஜாஸ் சொன்னான். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நா வந்து நின்னுட்டு, நடுவுல உங்க ஆளு பின்வாங்கிட்டாருன்னு வெச்சிக்க. எனக்கு ஒண்ணும் ஆவாது தம்பி. எங்க போனாலும் ரெண்டு இட்லி கெடைக்கும். கனகாவும் பொண்ணும் அவன் வூட்டுல இருக்கறாங்க. அவங்கள யோசிச்சியா?"

"நடுவுல வுட மாட்டோம் மாமா. மாணிக்கவேலுக்கு நான் பொறுப்பு."

அவர் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்துல் மாலிக் சொன்னதாக நினைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துவர உள்ளே போனார்.

விருத்தாசலத்தில் அவர் தங்க இடமில்லை. மங்கலம்பேட்டையில் இஜாஸின் வீட்டு மாடியில் தங்கினார். காலையில் அவனோடு பைக்கில் கிளம்புவார், அவன் கல்லூரிக்குப் போனதும் தொழிற்பேட்டையில் ஷெட்டு ஷெட்டாக ஏறி இறங்குவார், சாயங்காலம் அவனோடு திரும்புவார். ஒருநாள் வழியில், கல்லூரியில் இப்போது என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டார். தெர்னாதான் மாமா என்றான் இஜாஸ். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று அவர் நினைத்தார். அமெரிக்காக்காரர்கள் தெர்னாவுக்கு எங்கே வந்தார்கள் என்று கேட்டார்.

அன்று மாடியில் உட்கார்ந்து இஜாஸ் சொல்லத் தொடங்கினான். இருநூறு வருடங்களுக்கு முன்பு திரிப்போலியை ஆண்டவன் யூசுப் கரமான்லி. தன் அண்ணன் அஹ்மதைத் துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்தவன். அண்ணனின் மனைவி மக்களைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டான். தன் கடலில் போகிற அமெரிக்கக் கப்பல்கள் கப்பம் கட்ட வேண்டும் என்று அவன் கேட்க, அது போரானது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று தரைதட்டி, அதிலிருந்த முந்நூறு பேர் அவனிடம் கைதியானார்கள். அப்போது ஈட்டன் என்ற ஒரு முன்னாள் தூதன் ஒரு வழி சொன்னான். துரத்தப்பட்ட அண்ணனைத் தேடிப் பிடித்துத் தம்பிக்கு எதிராக நிறுத்தலாம் என்றான். எகிப்தில் அஹ்மதைக் கண்டுபிடித்து, உன்னைத் திரும்ப அரியணையில் உட்கார வைக்கிறோம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு சில அமெரிக்க வீரர்கள், கொஞ்சம் கிரேக்கர்கள், நிறைய அரபுகள், ஒட்டகங்கள் என்று பாலைவனத்தைக் கடந்து தெர்னாவுக்கு வந்து ஊரைப் பிடித்தார்கள்.

மாமா அவனை நடுவில் நிறுத்தி நிறுத்தி ஊரைச் சொன்னார். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலை நிற்பதை, ஊருக்குள் வாழை நிறைய இருப்பதை, சாயங்காலத்தில் தெருவெல்லாம் மல்லிகை வாசம் வருவதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை லீவில் அவரும் அப்துல் மாலிக்கும் கடலோரம் உட்கார்ந்து ஊருக்குக் கேசட்டில் பேசிப் பதிவு செய்வார்களாம். போன வெள்ளத்தில் அந்த ஊர் பாதி கடலோடு போய்விட்டதை டிவியில் பார்த்து அன்றைக்குச் சாப்பிடவில்லை என்றார். பிறகு, அப்புறம் சொல் என்றார்.

கோட்டையில் அமெரிக்கக் கொடி ஏறியதை இஜாஸ் சொன்னான். அஹ்மத் குதிரையில் ஊருக்குள் நுழைந்ததைச் சொன்னான். மாமாவின் முகம் மலர்ந்திருந்தது. அண்ணன் கெலிச்சிட்டான் என்று சொல்லி எழுந்து கீழே சாப்பிடப் போனார். மிச்சத்தை இஜாஸ் சொல்லவில்லை. வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளுக்கு அன்று காலையில்தான் கடைசி வரை சொல்லியிருந்தான்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. அமுதவள்ளி முதலில் வந்தாள். புருஷன் போன பிறகு கொலு பொம்மை யூனிட்டைத் தனியாக நடத்துகிறவள். அவளுக்கு முதல் அச்சு வாங்கிக் கொடுத்தவர் பழமலைநாதன். தேர்தல் மீட்டிங்கில் அவருக்குக் கை தூக்குகிறேன் என்று அவள் வெளிப்படையாகச் சொல்ல, மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தங்கதுரை சும்மா இருக்கவில்லை. அண்ணன் பக்கம் போனவர்களின் சூளை முறையை நிறுத்தினான். நவராத்திரிக்கு முன்னால் கடைக்குப் போக வேண்டிய அமுதவள்ளியின் பொம்மைகள் வெள்ளை வெளேரென்று சுடப்படாமலே பலகைகளில் நின்றன. அவள் பயந்தாள். ஒரு வாரம்தான் அக்கா, மீட்டிங் முடிந்ததும் முதல் முறை உங்களுக்குத்தான் என்று இஜாஸ் சொன்னான். இதை மாணிக்கவேல் சொல்லச் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். புதன்கிழமை முதல் மாணிக்கவேல் போனை எடுக்கவில்லை. வேலையாக இருப்பான் என்று இஜாஸ் நினைத்தான். வியாழக்கிழமை மதியம் கடைசி வகுப்பு இல்லாததால் தொழிற்பேட்டைக்கு வந்தவன், மாமாவைத் தேடிப் பொதுச் சூளை ஷெட்டுப் பக்கம் போனான். வாசலில் மாணிக்கவேலின் மினி லாரி நின்றிருந்தது. உள்ளே ஆட்கள் இன்சுலேட்டர்களைத் தூக்கித் தூக்கி டிராலியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிராலி ஏற்கெனவே சூளைக்குள் போய்விட்டிருந்தது. தங்கதுரை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், இஜாஸைக் கண்டதும் எழுந்து, வாங்க சார், டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டான். அவன் குரலில் கேலி எதுவும் இல்லை.

மாணிக்கவேல் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இஜாஸின் தோளில் கை போட்டு வெளியே, வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனான். நானே சாயங்காலம் வரலாம் என்றிருந்தேன் என்றான். தங்கதுரை இறங்கி வந்துவிட்டான், போட்டி இல்லாமல் அவனே தலைவர், தான் துணைத் தலைவர், சூளையில் தனக்கு நிரந்தர முறை என்று பேசி முடித்தாயிற்று என்றான்.

"மாமா?"

"அவரு வந்து நின்னதாலதான்டா இவன் எறங்குனான். அந்த நன்றி எனக்கு இருக்குது. அவரு பொண்டாட்டியையும் பொண்ணையும் வேப்பூருக்கு அனுப்பி வெக்கச் சொல்லி கண்டிஷனா பேசிட்டேன். சரின்னுட்டான்."

மாணிக்கவேல் பேசிக்கொண்டே போனான். சண்டை எதற்குத் தொடங்கியது, சூளைக்குத்தானே, சூளை கிடைத்த பிறகும் சண்டை போட்டால் அது வீம்பு என்றான். தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்குத் தான் பதில் சொல்ல வேண்டாமா என்றான். அதில் பொய் இல்லை என்பது இஜாஸுக்கும் தெரிந்தது. திரிப்போலியில் கைதிகளாய் இருந்த அந்த முந்நூறு பேரும் மனிதர்கள்தான், அவர்கள் வீடு திரும்பியது நல்லதுதான் என்று அவனே வகுப்பில் சொல்லியிருக்கிறான்.

"நான் அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மாணிக்கம்."

"நீ குடுத்த. நான் குடுத்தனா?"

அதைச் சொன்னபோது மாணிக்கவேல் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. இஜாஸ்தான் விலகி நின்றான். விடியற்காலை பஸ்ஸில் மாமாவை ஏற்றிவிட்டுவிடு, மற்றவர்களுக்கு இப்போது தெரிய வேண்டாம், தெரிந்தால் கூச்சல் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவன் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

மாமாவிடம் அன்று சாயங்காலமே மாடியில் வைத்துச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து, மடித்து வைத்த வேட்டியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு அவர் கேட்டது இஜாஸ் எதிர்பார்க்காதது.

"அந்த அண்ணங்காரன், அஹ்மத்து. தெர்னாவுக்கு அப்பறம் அவனுக்கு என்னா ஆச்சு?"

இஜாஸ் சொன்னான். தெர்னாவில் கொடி ஏறிய செய்தி கேட்டுத் தம்பி யூசுப் பயந்தான். அமெரிக்கா அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு வேறொரு தூதனை நேரே யூசுப்பிடம் அனுப்பிச் சமாதானம் பேசியது. பணம் கொடுத்துக் கைதிகளை மீட்டது. யூசுப்பே ஆட்சியில் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தது. ஈட்டனுக்கு வந்தது தெர்னாவை விட்டுக் கிளம்பு என்ற உத்தரவு மட்டும். ஊர்க்காரர்களுக்கும் கூட வந்த அரபுகளுக்கும் தெரியாமல் அவனும் அஹ்மதும் இருட்டில் படகேறிக் கப்பலுக்குப் போனார்கள். தெரிந்து ஓடிவந்தவர்கள் கரையில் நின்று கத்தினார்கள். யூசுப்பின் கோபத்துக்கு அவர்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது.

"பொண்டாட்டி புள்ளைங்க?"

"குடும்பத்தத் திருப்பித் தரணும்னு உடன்படிக்கையில போட்டாங்க. ஆனா நாலு வருஷம் வரைக்கும் தர வேணாம்னு ரகசியமா இன்னொரு ஷரத்தும் எழுதிக் குடுத்துட்டாங்க. அது அப்பறமாத்தான் வெளிய தெரிஞ்சுது."

மாமா வேட்டியைப் பைக்குள் வைத்தார்.

"இதெல்லாம் உனக்கு அன்னிக்கே தெரியும். கொடி ஏத்துனான்னு நீ நிறுத்துனப்பவே."

"தெரியும் மாமா. நம்ம கதை அப்படி ஆவாதுன்னு நெனச்சேன்."

அவர் தலையசைத்தார். அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று இஜாஸுக்குத் தெரியவில்லை. விடியற்காலை பஸ்ஸைப் பற்றி மாணிக்கவேல் சொன்னதையும் சொன்னான். அதற்கு மட்டும் அவர் குரல் உயர்ந்தது. எனக்காகக் கை தூக்குகிறேன் என்றவர்களிடம் சொல்லாமல் போக மாட்டேன் என்றார்.

மறுநாள் வெயிலில் அவர் ஒவ்வொரு ஷெட்டுக்கும் நடந்தார். இஜாஸ் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனான். நான் நிற்கவில்லை, என்னை நம்பியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், தங்கதுரையிடம் போய்ப் பேசிச் சூளை முறையை வாங்கிக்கொள்ளுங்கள், என் பேரைச் சொல்லித் திட்டினாலும் பரவாயில்லை என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொன்னார். சிலர் அழுதார்கள். ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அச்சில் களிமண் கூழை ஊற்றுவதைத் தொடர்ந்தான். அமுதவள்ளி மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் போன பிறகு இஜாஸைப் பார்த்து, "அவரு ஏமாந்தாரு, சரி. நீங்க படிச்சவரு சார். ஒரு வாரந்தான் அக்கான்னு எந்த தைரியத்துல எங்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. பலகையில் நின்ற பொம்மைகளின் மேல் துணியை இழுத்துவிட்டபடி கேட்டாள்.

சனிக்கிழமை, கனகாவையும் தென்றலையும் வேப்பூருக்குக் கூட்டிப்போக இஜாஸ் வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு தங்கதுரை வீட்டுக்குப் போனான். அதையாவது கையோடு முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. கனகா கேட் வரைக்கும் வந்தாள், கேட்டைத் திறக்கவில்லை. தென்றல் உள்ளே ஜன்னலருகே நிற்பது தெரிந்தது.

"நாங்க வர முடியாது தம்பி. பொண்ணு படிப்பு முடியணும்ல. அவரு விருத்தாசலத்துல காலு வெக்காம இருந்தா படிக்க வெக்கறேன், வூட்டுல இருக்கலாம், இல்லன்னா படிப்பு நின்னுடும், ரெண்டு பேரும் இப்பவே கெளம்பலாம்னு கொழுந்தனாரு சொல்லிட்டாரு. சங்கத்துல அடுத்த தேர்தல் வர வரைக்கும் இப்படித்தானாம்."

அனுப்பி வைப்பதாகத்தானே பேச்சு, மாணிக்கவேல் அப்படித்தான் சொன்னான் என்றான் இஜாஸ். கனகா ஆச்சரியமாகப் பார்த்தாள். மாணிக்கவேல் கூடத்தில் தங்கதுரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதற்குச் சரி சொன்னான், நானே காபி கொண்டுபோய் வைத்தேன் என்றாள்.

காரை அனுப்பிவிட்டு இஜாஸ் பாலக்கரை ஆற்றுப்பாலம் வரைக்கும் நடந்தான். மாணிக்கவேல் சூளைக்காக மாமாவை விட்டது ஒரு மாதிரி. தன் முகத்தைப் பார்த்து, தோளில் கை போட்டுக்கொண்டு, இல்லாத ஒரு நல்ல செய்தியைச் சொன்னது இன்னொரு மாதிரி. முதலாவதைக்கூட ஒருநாள் மறந்திருப்பான் என்று தோன்றியது. பாலத்தின் மேல் நின்று போன் போட்டான். மாணிக்கவேல் எடுத்தான். கேட்டதும், உன்னைச் சமாதானப்படுத்த வேறு வழி தெரியவில்லை என்றான். அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு இஜாஸ் போனான். அவன் உறுப்பினர் இல்லை. பின்வரிசையில் நின்றான். தங்கதுரை பேரை மாணிக்கவேல் முன்மொழிந்தபோது, ஒரு நிமிஷம் என்று குரல் கொடுத்தான். எல்லோரும் திரும்பினார்கள். பழமலைநாதனை அழைத்து வந்தது தான்தான் என்றும், அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்றும், அவர் குடும்பத்தை வைத்து இப்போது என்ன பேரம் நடந்திருக்கிறது என்றும் சொன்னான். இது எங்கள் வீட்டு விஷயம், சங்கத்தில் பேச வேண்டியதில்லை என்றான் தங்கதுரை. மாணிக்கவேல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் வந்து இஜாஸின் கையைப் பிடித்தார்கள், முரட்டுத்தனம் இல்லாமல், சார் வாங்க என்றார்கள்.

கதவருகே திரும்பிப் பார்த்தபோது கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. அமுதவள்ளியின் கையும் உயர்ந்தது. அன்று காலையில் அவள் பொம்மைகளுக்கு முறை கொடுத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவள் இவன் பக்கம் பார்க்கவில்லை. அவள்மேல் கோபப்பட அவன் முயன்றான். பலகைகளில் நின்ற அந்த வெள்ளை முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

அடுத்த விடுமுறையில் வேப்பூருக்குப் போனான். மாமா மேஜைக்கு மேஜை போய்க் கவனித்துக்கொண்டிருந்தவர், அவனைப் பார்த்ததும் வந்தார்.

"வாங்க சார். ஒக்காருங்க."

இஜாஸ் உட்கார்ந்தான். அவர் தானே இலை போட்டு, தானே பரிமாறினார். மழை இல்லாததைப் பற்றி, மக்காச்சோளம் காய்வதைப் பற்றிப் பேசினார். கனகா சொன்னதை அவன் சொன்னான். அவருக்குத் தெரிந்திருந்தது, தென்றல் போன் செய்திருந்தாள். மீட்டிங்கில் பேசியதும் தெரிந்திருந்தது. மாமா, எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி, என்னைச் சார் என்று கூப்பிடாதீர்கள் என்று கேட்டான். அவர் ரசத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க மேல கோவம் இல்ல. உங்கப்பாவ நம்பி உங்கள நம்புனேன். உங்கள நம்பி அந்தாளையும் நம்புனேன். அவ்வளவு தூரம் போயிருக்கக் கூடாது, அது என் தப்பு. சாப்பிடுங்க."

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்தபோது அவர் வேறொரு பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தைக் கவனிக்கப் போயிருந்தார்.

அந்த வருடம் தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக இஜாஸ் ஸ்ரீமுஷ்ணம் போனான். திரும்புகையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவன், எதிர்ப்பக்கம் சிமெண்டு பெஞ்சில் மூன்று பேரைப் பார்த்தான். பழமலைநாதன் நடுவில், கனகா ஒருபுறம், தென்றல் ஒருபுறம். கனகாவின் நெற்றியில் கோயில் குங்குமம். மடியில் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்கு எதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் பூவராக சுவாமி கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள் போலிருந்தது. விருத்தாசலத்தில்தானே அவர் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தென்றல் போனில் எதையோ காட்ட, அவர் தள்ளிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

விருத்தாசலம் பஸ் வந்து நின்றது. இஜாஸ் ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். அம்மாவும் மகளும் எழுந்தார்கள். அவன் கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினான். வண்டிக்காரன் ஒண்ணு போடவா சார் என்று கேட்க, தலையை ஆட்டினான். ஜன்னலோரம் உட்கார்ந்த தென்றலிடம் பழமலைநாதன் கீழேயிருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்ததும் இரண்டு மூன்று அடி கூடவே நடந்துவிட்டு நின்றார்.

இஜாஸ் டம்ளரைக் காலி செய்து கொடுத்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த பஸ் எப்போது என்று வண்டிக்காரனிடம் கேட்டான். அரை மணி நேரம் ஆகும் என்றான் அவன்.